தென்னகக் காட்டின் சேவல்

சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய பறவை. உலகில் வேறெங்கும் அது இயல்பாக வாழ்வதில்லை. கோழிகளை உள்ளடக்கிய ‘காலஸ்’ பேரினத்தில் இன்று நான்கு காட்டினங்களே எஞ்சியுள்ளன. இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பது சிவப்புக் காட்டுக்கோழி. சாவகத்திலும் அதற்குக் கிழக்கேயுள்ள தீவுகளிலும் இருப்பது பச்சைக் காட்டுக்கோழி. இலங்கைக் காட்டுக்கோழி அந்நாட்டின் தேசியப் பறவை. நான்காவதான சாம்பல் காட்டுக்கோழியைத் தமிழ்நாட்டு மலையடிவார ஊர்களில் வாழ்வோர் வெறும் ‘காட்டுக்கோழி’ என்றே சொல்வார்கள். அவர்கள் காட்டில் வேறு காட்டுக்கோழி கிடையாது என்பதால் அந்தப் பெயரே போதுமானது.

அறிவியல் பெயர் ‘காலஸ் சொன்னரட்டி’. பியேர் சொன்னரா (1748–1814) என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் கிழக்கு நாடுகளிலும் பயணம் செய்தார்; 1782-இல் வெளியான தம் பயண நூலில் இப்பறவையை விவரித்தார். பிற்காலத்தில் அவர் புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் விவரித்த பறவைக்கு அவர் பெயரையே இட்டு 1813-இல் அறிவியல் பெயர் சூட்டியவர் டச்சுப் பறவையியலாளர் டெம்மிங்க். சொன்னரா வேறொரு கருத்தையும் முன்வைத்தார். வீட்டுக்கோழியின் மூதாதை இந்தச் சாம்பல் நிறக் காட்டுக்கோழிதான் என்பது அது. அந்தக் கருத்துக்கு நேர்ந்த கதி இக்கட்டுரையில் பின்னர் வரும்.

சேவல் வளர்ந்த நாட்டுச்சேவல் அளவுக்கு இருக்கும். வாலோடு சேர்த்து நீளம் 70 முதல் 80 சென்டிமீட்டர்; எடை ஏறத்தாழ 800 கிராமிலிருந்து 1,100 கிராமுக்குச் சற்று மேல் வரை. தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் உடலும் கறுத்த வாலும் சிவந்த கொண்டையும் மட்டும் தெரியும். அருகில் பார்க்கும்போதுதான் அதன் முழு அழகும் புலப்படும். மார்பிலும் முதுகிலும் ஒவ்வொரு சாம்பல் இறகின் நடுத்தண்டும் வெளிர்ந்த கோடாக ஓடுவதால், உடல் முழுவதும் மெல்லிய கீற்றுகள் வரைந்தது போலிருக்கும். வளைந்து தொங்கும் வால் இறகுகள் கறுப்பு. வெயில் பட்டால் அவற்றில் ஊதாவும் நீலமும் மின்னும். கொண்டை ஒற்றை மடலாக, விளிம்பில் ஆழமற்ற பற்களுடன் நிற்கும். முகத்தோலும், தாடைக்குக் கீழே தொங்கும் இரு மடல்களும் சிவப்பு. கால்கள் செம்மஞ்சளும் சிவப்பும் கலந்தவை. காலின் பின்புறத்தில் கூரிய முள் உண்டு.

இந்தச் சேவலை மற்ற மூன்று இனங்களிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அதன் கழுத்து. பிடரியிலிருந்து தோள்வரை போர்வையாக விழும் நீண்ட இறகுகள் ஒவ்வொன்றும் கருமை அடித்தளத்தில் வெண்புள்ளியும், நுனியில் பொன்மஞ்சள் புள்ளியும் கொண்டவை. அந்தப் புள்ளிகள் சாயம் தோய்ந்தவை போன்ற வெறும் நிறத்திட்டுகள் அல்ல. அவ்விடத்தில் இறகின் தண்டு தட்டையாக அகன்று, மெழுகு பூசியது போன்ற வழவழப்பான தகடாக மாறியிருக்கிறது. விரலால் தொட்டால் இறகின் மென்மை மறைந்து, கொம்புப் பொருளின் கடினம் தட்டுப்படும். சிறகின் மேல்மூடி இறகுகளிலும் இதே வகைத் தகடுகள் செம்மஞ்சள் நிறத்தில் உள்ளன. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சேவல் கழுத்தைச் சிலிர்க்கும்போது நூற்றுக்கணக்கான தகடுகள் ஒரே கணத்தில் ஒளிர்ந்து அணையும். கோழிப் பேரினத்தில் வேறெந்த இனத்துக்கும் இந்த அமைப்பு வாய்க்கவில்லை.

பெட்டை இதற்கு நேர்மாறு. உருவில் சிறியது, எடை 700 முதல் 800 கிராம்வரை. கொண்டை இருப்பதே தெரியாது. முதுகு மங்கிய பழுப்பு. மார்பும் வயிறும் வெண்மை. அந்த வெள்ளை இறகுகளின் விளிம்பில் கரும்பழுப்புக் கரை ஓடுவதால் அடிப்புறம் மீன்செதில் அடுக்கியது போலத் தோன்றும். கால்கள் மஞ்சள். சிவப்புக் காட்டுக்கோழிப் பெட்டையின் அடிப்புறம் செம்பழுப்பாகவே இருக்கும் என்பதால், இரண்டு இனங்களும் சந்திக்கும் காடுகளில் பெட்டைகளைப் பிரித்தறிய இந்தச் செதில் கோலமே நம்பகமான அடையாளம். சருகு மூடிய தரையில் அசையாமல் படுத்துவிட்டால் இரண்டு கெஜத் தொலைவிலும் பெட்டை கண்ணுக்குப் படாது. இளம் சேவல்களும் முதலில் பெட்டையின் நிறத்திலேயே இருந்து, வளர வளரத்தான் தந்தையின் கோலத்தை அடைகின்றன.

சேவலின் அந்த அணிகலனும் ஆண்டு முழுவதும் நிலைப்பதில்லை. இனப்பெருக்கம் முடிந்து மழைக்காலம் தொடங்கும்போது சேவல் தன் கழுத்துப் போர்வையை உதிர்த்துவிடுகிறது. ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர்வரை அவ்விடத்தில் குட்டையான, புள்ளியற்ற கரிய இறகுகளே இருக்கும். வாலின் நீண்ட வளைவிறகுகளும் குறையும். அந்த மாதங்களில் சேவல் கூவுவதும் அரிது. ஈரக் காட்டில் பகட்டான இறகுகளைச் சுமந்து திரிவது செலவு மிகுந்த காரியம். போட்டியும் பெட்டைத் தேடலும் இல்லாத காலத்தில் அவற்றால் பயனும் இல்லை. மழைக்காலத்தில் காட்டுக்கோழிகள் எங்கோ போய்விட்டன என்று தோன்றுவதற்கு இந்த மங்கல் கோலமும் மௌனமும்தான் காரணம். பறவைகள் அதே காட்டில்தான் இருக்கின்றன.

சாம்பல் காட்டுக்கோழியின் வாழிடப் பரப்பு மேற்குத் தொடர்ச்சி மலையை முதுகெலும்பாகக் கொண்டது. தெற்கே அகத்தியமலைக் காடுகளில் தொடங்கி, களக்காடு–முண்டந்துறை, பெரியார், ஆனைமலை, நீலகிரி, முதுமலை, பந்திப்பூர், நாகரகொளை வழியாக மகாராட்டிரத்தின் மலைகள், தென் குஜராத் என நீண்டு, வடமேற்கில் ராஜஸ்தானின் ஆபு மலையில் முடிகிறது. மத்தியப் பிரதேசத்தின் பச்மடி மலைகளிலும் உண்டு. கிழக்கே ஏறத்தாழ கோதாவரி ஆறு எல்லை. சத்தியமங்கலம், கொல்லிமலை, சேர்வராயன் மலை போன்ற கிழக்கு மலைகளிலும் அது வாழ்கிறது. சமவெளியை ஒட்டிய புதர்க்காடுகளிலிருந்து நீலகிரியில் 2,000 மீட்டருக்கும் மேலான உயரம்வரை காணப்படுகிறது.

கோதாவரிக்கு வடக்கே தொடங்குவது சிவப்புக் காட்டுக்கோழியின் நாடு. சால மரக்காடு இருக்குமிடத்தில் சிவப்பும், தேக்கு மரக்காடு இருக்குமிடத்தில் சாம்பலும் வாழ்வதைப் பறவையியலாளர்கள் நெடுங்காலமாகக் குறித்துவந்துள்ளனர். எல்லைப் பகுதியில் இரண்டும் அடுத்தடுத்து வாழ்கின்றன. எப்போதாவது கலப்பும் நேர்கிறது. ஆனாலும் பெரும்பகுதியில் இரண்டும் தத்தம் காட்டோடு நின்றுவிடுகின்றன. தெற்கில் பாக் நீரிணை இன்னொரு எல்லை. அதற்கப்பால் இலங்கைக் காட்டுக்கோழி வாழ்கிறது. மரபணு அடிப்படையில் சாம்பல் காட்டுக்கோழிக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். பனியூழிக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்து இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தபோதும் இரண்டும் ஒன்றாகிவிடவில்லை.

இந்தப் பரவல் சங்க இலக்கிய வாசிப்புக்கும் உதவுகிறது. ஐந்திணை மரபில் முல்லை நிலத்தின் பறவை காட்டுக்கோழி. குறுந்தொகையின் 242-ஆம் பாடல், மழைத்துளி வீழ நிற்கும் காட்டுச் சேவலின் கழுத்தில் ஒளிமிக்க புள்ளிகள் இருப்பதாகக் காட்டுகிறது. சிவப்புக் காட்டுக்கோழியின் கழுத்தில் புள்ளி இல்லை. இலங்கைக் காட்டுக்கோழியின் கழுத்திலும் இல்லை. வீட்டுச் சேவலிடமும் அத்தகைய தகட்டுப் புள்ளிகள் இல்லை. தமிழ் நிலத்தில் இயல்பாக வாழும் ஒரே காட்டுக்கோழி சாம்பல்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அப்புலவர் கண்ட பறவை எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பறவையை முல்லையில் வைத்ததும் பொருத்தமே. காடும் மேய்ச்சலும் வயலும் ஒன்றையொன்று தொடும் நிலம் முல்லை. இன்றைய களஆய்வாளர்கள் இப்பறவையைத் தேடிச் செல்வதும் அத்தகைய நிலத்துக்குத்தான்.

ஆம், இது காட்டின் ஓரத்துப் பறவை. அடர்ந்த பசுமைமாறாக் காட்டின் உள்ளே, ஒளி புகாத தரையில் அதற்குத் தேவையான விதையும் புல்லும் பூச்சியும் குறைவு. திறந்த வெளியில் பருந்துக்குத் தப்ப இடமில்லை. எனவே இரண்டும் சந்திக்கும் விளிம்பையே அது தேர்ந்துகொள்கிறது: இலையுதிர்க் காட்டின் புதர் மூடிய சரிவுகள், மூங்கில் கொத்துகள், ஓடைக்கரைகள், கைவிடப்பட்ட பழைய விளைநிலங்கள், தேக்குத் தோட்டங்கள், தேயிலை–காபித் தோட்டங்களை ஒட்டிய சோலைகள், காட்டுப் பாதைகளின் இருமருங்கும். அதிகாலையில் முதுமலை வழியாகவோ வால்பாறை மலைப்பாதையிலோ செல்பவர்கள் காணும் காட்டுக்கோழி பெரும்பாலும் சாலையோரத்தில்தான் இருக்கும். நாள் முழுவதும் அங்கேயே இருப்பதாக இதற்குப் பொருளில்லை. இரை தேடும் சிறு பொழுதுக்கு மட்டும் வெளியே வந்து, ஒரே ஓட்டத்தில் புதருக்குள் மறையும் தூரத்தைத் தாண்டாமல் மேய்கிறது.

இந்த விளிம்பு வாழ்க்கையில் உண்ணிச்செடிக்குப் பெரும் பங்குண்டு. தென் அமெரிக்கத் தாயகம் கொண்ட அச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இன்று முதுமலை, பந்திப்பூர் போன்ற காடுகளின் தரையை அது ஆக்கிரமித்துள்ளது. புல்லை ஒடுக்கி மான்களுக்கும் காட்டெருதுகளுக்கும் கேடு செய்யும் அதே செடி, காட்டுக்கோழிக்கு முள்வேலியாகவும் பழக்கடையாகவும் உதவுகிறது. அதன் கரும்பழங்களைக் காட்டுக்கோழி விரும்பித் தின்கிறது. ஆகவே ஒரு காட்டில் காட்டுக்கோழி மிகுந்திருப்பதைக் கொண்டு அக்காடு நலமாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு. விளிம்பும் புதரும் பெருகுவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

உணவில் இப்பறவை எதையும் ஒதுக்குவதில்லை. புல்விதை, மூங்கிலரிசி, உதிர்ந்த தானியம், இலந்தை முதலான பழங்கள், கிழங்கு, குருத்து ஆகியவற்றோடு கரையான், வெட்டுக்கிளி, வண்டு, சில நேரங்களில் சிறு ஓணான், அரணை போன்றவையும் இரையாகின்றன. இரு கால்களாலும் மாறி மாறிச் சருகைக் கீறித் தள்ளி, ஓரடி பின்வாங்கிக் குனிந்து பார்த்துக் கொத்துவது வீட்டுக்கோழியின் முறையேதான். யானை, காட்டெருது ஆகியவற்றின் சாணத்தைக் கிளறுவது அதற்குப் பிடித்தமான வேலை. செரிக்காத விதையும் சாணவண்டும் புழுவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. குஞ்சுகளுக்குத் தொடக்க நாட்களில் புழுபூச்சியே முதன்மை உணவு. கரையான் புற்றுகள் நிறைந்த காடு குஞ்சு வளர்ப்புக்கு ஏற்ற காடு.

வழக்கமாகத் தனித்தோ, இணையாகவோ, நான்கைந்து பறவைகள் கொண்ட சிறு குழுவாகவோ வாழும் இப்பறவை, பெருந்திரளாகக் கூடும் காலமும் ஒன்றுண்டு. மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பூத்து, மலைச்சரிவு முழுவதும் அரிசியைக் கொட்டிவிட்டு மடிகிறது. அப்போது சுற்று வட்டாரக் காட்டுக்கோழிகள் எல்லாம் அங்கு வந்து குவிகின்றன. குறிஞ்சிச் செடி இனங்கள் விதைக்கும் ஆண்டிலும் இதுவே நடக்கிறது. வடக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் கார்வி இதற்கு எடுத்துக்காட்டு. விதை தீர்ந்ததும் கூட்டம் கலைந்து, ஒவ்வொன்றும் பழைய புதருக்குத் திரும்பிவிடும்.

நாளின் ஒழுங்கு எளிமையானது. விடியலுக்கு முன் அடையும் மரத்திலிருந்து குரல் எழும். வெளிச்சம் பரவியதும் தரைக்கு இறங்கி இரை தேடும். வெயில் ஏறியதும் புதருக்குள் ஒதுங்கி, காய்ந்த மண்ணில் புரண்டு புழுதிக் குளியல் செய்யும். சிறகுகளுக்குள் புழுதியைத் தள்ளிப் பேன்களையும் உண்ணிகளையும் உதறும் முறை அது. மாலையில் மீண்டும் மேய்ச்சல், நீர்நிலைக்கு ஒரு பயணம், இருட்டும் வேளையில் மரத்திலோ மூங்கில் கொத்திலோ அடைதல். தரையில் வாழும் பறவையாயினும் இரவைத் தரையில் கழிப்பதில்லை. அடைகாக்கும் பெட்டைக்கும், பறக்க முடியாத குஞ்சுகளுடன் இருக்கும் தாய்க்கும் மட்டும் அந்த வாய்ப்பு இல்லை.

எச்சரிக்கை உணர்வில் காட்டுக்கோழியை மிஞ்சும் தரைப்பறவைகள் சிலவே. ஐயம் எழுந்தவுடன் அது பறப்பதில்லை. கழுத்தை நீட்டி, வாலைத் தாழ்த்தி, உடலைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. நாய் போன்ற விலங்கு திடீரெனப் பாய்ந்தால் மட்டுமே உரத்த கொக்கரிப்புடன் செங்குத்தாக எழும்பிப் பறந்து, சற்றுத் தொலைவில் மரக்கிளையில் அமரும். குட்டையான அகன்ற சிறகுகள் வேகமாக எழும்புவதற்கு ஏற்றவை; நெடுந்தூரப் பறத்தலுக்கு உதவாதவை. ஆகவே பெரிய விளைநிலப் பரப்போ அகன்ற நகர்ப்புறமோ குறுக்கிட்டால் ஒரு மலையின் கோழிகள் அடுத்த மலைக்குச் சென்று சேர்வது கடினம்.

சேவலின் கூவலைக் கேட்டவர்கள் அதை வீட்டுச் சேவலின் குரலோடு குழப்பிக்கொள்ளமாட்டார்கள். வீட்டுச் சேவல் இறுதி அசையை நீட்டி முழக்கும். காட்டுச் சேவல் ‘குக் – கயா – கயா – குக்’ என்று நான்கைந்து அசைகளை வெட்டி வெட்டி ஒலித்துச் சட்டென நிறுத்தும். அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் தாழ்ந்த முணுமுணுப்பு ஒன்று அதைத் தொடரும். கூவுவதற்கு முன் சிறகுகளை உடலில் ஓங்கி அடித்துக்கொள்ளும். கரையான் புற்று, வெட்டிய அடிமரம், தாழ்ந்த கிளை ஆகியவை அதன் மேடைகள். ஒரு சேவல் தொடங்கினால் பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலிருந்து இன்னொன்று விடையளிக்கும். இப்படியே எல்லைகள் உறுதியாகின்றன. அக்டோபர் முதல் மே மாதம்வரை கூவல் மிகுந்து கேட்கும். புதருக்குள் மறைந்து வாழும் பறவை ஆதலால், கணக்கெடுப்பாளர்கள் கண்ணைவிடக் காதையே நம்புகிறார்கள். விடியலில் குறிப்பிட்ட இடங்களில் நின்று கூவும் சேவல்களை எண்ணுவதே வழக்கமான முறை. கூவாத பெட்டைகளும் இளம் பறவைகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை என்பது அதன் குறை.

இனப்பெருக்கம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. இடத்துக்கு இடம் மாறி, ஆண்டின் மற்ற மாதங்களிலும் முட்டைகள் கண்டறியப்பட்டுள்ளன. புதரடியிலோ மூங்கில் தூரின் மறைவிலோ சிறு குழி பறித்து, அதில் சருகைப் பரப்பியதே கூடு. வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் நான்கு முதல் ஏழு முட்டைகள் இடும். அடைகாப்பது பெட்டை மட்டுமே. ஏறத்தாழ 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சுகள் உலர்ந்ததும் எழுந்து தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். ஆபத்தில் தாய் தரும் ஒரே ஒலிக்குக் குஞ்சுகள் சருகுக்குள் சிதறிப் பதுங்கும். தாய் கொக்கரித்தபடி வேறு திசையில் ஓடி எதிரியின் கவனத்தைத் திருப்பும்.

முட்டைக்கும் குஞ்சுக்கும் எதிரிகள் பலர்: கீரி, மரநாய், உடும்பு, பாம்புகள், காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை, கழுகு வகைகள். இவற்றோடு அண்மைக்காலத்தில் சேர்ந்தவை ஊர் நாய்கள். காட்டை ஒட்டிய குப்பைமேடுகளில் பெருகும் நாய்க்கூட்டம் தரையில் கூடு கட்டும் எல்லாப் பறவைகளுக்கும் தீராத தொல்லை. இயற்கை எதிரிகளால் ஏற்படும் இழப்பைப் பல முட்டைகளும் மறுமுறை இடும் திறனும் ஈடுகட்டிவிடுகின்றன. மனிதனோடு வந்த எதிரிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சொன்னராவின் கருத்துக்கு இப்போது வரலாம். வீட்டுக்கோழியின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின், கல்கத்தாவில் பணியாற்றிய எட்வர்டு பிளைத்தின் குறிப்புகளையும் துணைக்கொண்டு, 1868-இல் வெளியான தம் நூலில் அக்கருத்தை மறுத்தார். சாம்பல் சேவலின் கழுத்திறகு வேறு, குரல் வேறு, எல்லாவற்றையும்விட, வீட்டுக்கோழியோடு கலந்து பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் மலடு. லண்டன் விலங்கியல் பூங்காவில் காட்டுக்கோழி இனங்களை ஒன்றோடொன்று கலந்ததில் கிடைத்த ஏறத்தாழ 500 முட்டைகளில் 12 குஞ்சுகள் மட்டுமே பிழைத்ததை அவர் சான்றாகக் காட்டினார். வீட்டுக்கோழி முழுக்க முழுக்கச் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தது என்ற முடிவு அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு காலம் பாடநூல்களில் நிலைத்தது.

2008-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்கு விளக்கம் தேடியது. கோழி உண்ணும் சோளம், கீரை போன்றவற்றில் கரோட்டினாய்டு எனும் மஞ்சள் நிறமிகள் உள்ளன. தோலில் ஒரு நொதி அவற்றை வெட்டி நிறமற்றதாக்குகிறது. அத்தகைய கோழியின் தோல் வெண்மையாக இருக்கும். அந்த நொதியைக் கட்டுப்படுத்தும் மரபணுப் பகுதியில் ஒரு மாற்றம் நேர்ந்தால், தோலில் மட்டும் நொதி உருவாவது குறைகிறது, நிறமி தங்குகிறது, காலும் தோலும் மஞ்சளாகின்றன. உடலின் பிற உறுப்புகளில் நொதி வழக்கம்போல் இயங்குவதால் பறவைக்குப் பாதிப்பில்லை. மாற்றமடைந்த அந்த மரபணுப் பகுதியைக் காட்டினங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சிவப்புக் காட்டுக்கோழியிடம் அது இல்லாததையும், சாம்பல் காட்டுக்கோழியின் வரிசையோடு அது ஒத்துப்போவதையும் கண்டார்கள்.

வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்பதை இக்கண்டுபிடிப்பு மாற்றவில்லை. பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் பகுதிச் சிவப்புக் காட்டுக்கோழியையே சுட்டுகின்றன. ஆனால் அங்கிருந்து மனிதரோடு பயணம் செய்து தென்னிந்தியாவுக்கு வந்த கோழிகள், இங்குள்ள காட்டுக்கோழியோடு கலந்திருக்கின்றன. பெரும்பாலான கலப்புக் குஞ்சுகள் மலடாயினும், தப்பிப் பிழைத்த சில போதுமானவையாக இருந்தன. தலைமுறை தலைமுறையாக வளர்ப்போர் மஞ்சள் காலை விரும்பித் தேர்ந்தெடுத்ததால் அந்த மரபணுத் துண்டு நிலைபெற்று, கடல் கடந்தது. இன்று உலகின் வணிகப் பண்ணைகளில் வளரும் கோழிகளில் மிகப் பெரும்பான்மை மஞ்சள் தோல் உடையவை. எங்கோ ஒரு நாட்டின் இறைச்சிக்கோழியின் காலில் தென்னிந்தியக் காட்டின் ஒரு சிறு பங்கு இருக்கிறது. மூதாதை என்ற அளவில் சொன்னரா தவறினார். இந்தப் பறவைக்குக் கோழியின் வரலாற்றில் இடமுண்டு என்ற அளவில் அவர் சரியானவர்.

காட்டுக்கோழியின் இறகுக்கு ஐரோப்பாவில் ஏற்பட்ட தேவை அதற்குப் பெருங்கேடாக முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சால்மன் மீன்பிடிப்பு செல்வந்தரின் பொழுதுபோக்காக வளர்ந்தபோது, தூண்டிலில் கட்டும் செயற்கை ஈக்களுக்குப் பல நாட்டுப் பறவைகளின் இறகுகள் வேண்டப்பட்டன. சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்திறகு அவற்றுள் தனியிடம் பெற்றது. தகட்டுப் புள்ளி மீனின் கண்போலத் தோன்றும்; நீரில் நனைந்தாலும் நிறமும் ஒளியும் குன்றாது. ‘ஜாக் ஸ்காட்’ போன்ற புகழ்பெற்ற தூண்டில் ஈக்கள் இவ்விறகு இல்லாமல் நிறைவு பெறுவதில்லை. தேவைப்பட்டது கழுத்துத் தோல் மட்டுமே. அதுவும் இனப்பெருக்கக் காலத்துச் சேவலின் தோல். ஒரு கழுத்துக்காக ஒரு சேவல், அதுவும் பெட்டைகள் அடைகாக்கும் பருவத்தில், கொல்லப்பட்டது. இந்தியா இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்த பின், ஐரோப்பாவில் கூண்டில் வளர்க்கப்படும் பறவைகளிலிருந்து அத்தேவை நிறைவேறுகிறது.

இறைச்சிக்கான வேட்டை இன்னும் நிற்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஆயினும் கோழி செல்லும் சிறு தடங்களில் கண்ணி வைப்பதும், பழக்கிய சேவலைக் காட்டில் கட்டி அதன் குரலால் எல்லைச் சேவலைச் சண்டைக்கு இழுத்துப் பிடிப்பதும் பல மலையடிவாரங்களில் தொடர்கின்றன. எல்லையைக் காக்கும் வீரமே சேவலுக்கு எமனாகிறது. புலியோ யானையோ இறந்தால் செய்தியாகிறது. கண்ணியில் சிக்கும் காட்டுக்கோழிக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. கோழிதானே என்ற எண்ணம் வனத்துறைப் பதிவேடு வரை ஊடுருவியுள்ளது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சாம்பல் காட்டுக்கோழி ‘குறைந்த கவலைக்குரியது’ என்ற வகையில் உள்ளது. பரந்த வாழிடமும் விளிம்பு நிலங்களைப் பயன்படுத்தும் திறனும் அதற்குக் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்புக்காடுகளில் இது இன்றும் எளிதில் காணக்கூடிய பறவை. கிழக்கு மலைகளிலும் வட எல்லையிலும் நிலைமை வேறு. அங்கே காடுகள் துண்டு துண்டாகிவிட்டன. ஒரு துண்டில் கோழிகள் அழிந்தால் அடுத்த துண்டிலிருந்து வந்து நிரப்ப வழியில்லை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துவருகிறது. காட்டுக்குள்ளும் அதன் ஓரத்திலும் உள்ள குடியிருப்புகளில் நாட்டுக்கோழிகள் சுதந்திரமாக மேய்கின்றன. மேயும் இடத்தில் காட்டுக்கோழியோடு கலப்பு நேரலாம். ஒரு காலத்தில் காட்டிலிருந்து வீட்டுக்குச் சென்ற மரபணு, இப்போது எதிர்த்திசையிலும் பாய்கிறது என்பதை அண்மை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. நாட்டுக்கோழிகளைத் தாக்கும் ராணிக்கெட் போன்ற நோய்களும் அதே வழியில் காட்டுக்குள் புகும் வாய்ப்புண்டு. சிவப்புக் காட்டுக்கோழியில் இத்தகைய கலப்பு எவ்வளவு ஆழமாகச் சென்றுவிட்டது என்பது நன்கறியப்பட்டது. அங்கே தூய பறவையை அடையாளம் காண, மழைக்கால மங்கல் கோலம் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சாம்பல் காட்டுக்கோழியில் மலட்டுத்தன்மை ஒரு தடுப்பாக இருப்பதால் கலப்பு இன்னும் அந்த அளவை எட்டவில்லை. காப்பகங்களின் உட்குடியிருப்புகளில் கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதும், அவற்றை மாலையில் அடைத்து வைப்பதும், ஊர் நாய்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் பெருஞ்செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியவை.